வால்வின் வடிவமும் வளியின் பாதையும்

பெற்றோல் எஞ்சினை எரிபொருளால் இயங்கும் இயந்திரம் என்றே பொதுவாகக் கூறுகிறோம். ஆயினும் அதன் வலுவுக்கு எல்லை விதிப்பது வளியே. 1 கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். அந்தப் பெற்றோல் ஒன்றரை லீற்றருக்கும் குறைந்த திரவம். அதற்கு வேண்டிய வளியோ சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 12 கன மீற்றர் இடத்தை நிரப்பும். திரவத்தைச் சிறு துளையொன்றினூடாகச் செலுத்திவிடலாம். வளியை உருளைக்குள் புகுத்துவதே கடினமான காரியம்.

நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் எஞ்சினில் முசலம் ஒரு தடவை கீழிறங்குவதற்கு ஒரு செக்கனின் 200இல் ஒரு பங்கே எடுக்கிறது. அக்கணப்பொழுதினுள் உருளை நிரம்பவேண்டும். தனியாக வளி அமுக்கி பொருத்தப்படாத எஞ்சினில், வளியை உள்ளே தள்ளுவதற்கு வளிமண்டல அமுக்கமன்றி வேறு துணை பெரிதாக இல்லை. எனவே, எஞ்சினின் வலுவைக் கூட்ட விரும்புவோர் முதலிற் கைவைப்பது உருளைத்தலையிலாகும். வேலைத்தலங்களில் 'ஹெட்' என வழங்கப்படும் இப்பகுதியிலேயே வால்வுகளும் அவற்றுக்குச் செல்லும் வழிகளும் உள்ளன.

வழியைப் பெரிதாக்கி, வால்வைப் பெரிதாக்கி, உட்சுவரைக் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டால் வலு தானாகப் பெருகும் என்பது மோட்டார் ஆர்வலரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. இது பாதி உண்மையே. துவாரத்தின் பருமன் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் வடிவம். அவ்வடிவமும் எல்லா இடங்களுக்கும் பொதுவானதாக இருப்பதில்லை. நம்பிக்கையின் மறுபாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திறப்பின் கணிதம்

வால்வு என்பது தண்டொன்றின் நுனியில் வட்டத் தகடு அமைந்த, காளானை ஒத்த உறுப்பு. மூடியிருக்கையில் அதன் சரிந்த விளிம்பு உருளைத்தலையிலுள்ள வளையத்தின் மீது பொருந்தி நிற்கும். அவ்வளையம் வால்வின் இருக்கை எனப்படும். வால்வு எழும்போது விளிம்புக்கும் இருக்கைக்கும் இடையே திரைபோன்று சுற்றிவர ஓர் இடைவெளி தோன்றுகிறது. வால்வின் விட்டம் வி, அதன் எழுச்சி எ எனக் கொண்டால், இத்திரையின் பரப்பு π × வி × எ ஆகும். வால்வுக்குப் பின்னுள்ள வட்ட வழியின் பரப்போ π × வி² ÷ 4. எழுச்சி விட்டத்தின் காற்பங்கை அடையும்போது இவ்விரண்டும் சமமாகின்றன. 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள வால்வுக்கு அந்த எல்லை 9 மில்லிமீற்றர். அதற்கு மேல் எழுச்சியைக் கூட்டினாலும், இடுக்கமான பகுதி வால்வை விட்டு வழிக்கு மாறிவிடுகிறது.

இக்கணக்கு ஓர் உண்மையைச் சுட்டுகிறது. வால்வு மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குவது. முழு எழுச்சியில் அது நிற்பது சிறுபொழுதே. திறந்திருக்கும் காலத்திற் பெரும்பகுதியும் அது பகுதி எழுச்சியிலேயே உள்ளது. ஆகவே முழு எழுச்சியில் எவ்வளவு வளி பாயும் என்பதை மட்டும் கொண்டு ஒரு தலையை மதிப்பிடுதல் பொருந்தாது. 2, 3 மில்லிமீற்றர் எழுச்சியில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் அதேயளவு முக்கியமாகும்.

2. வளி வளையும் இடம்

கணக்கிட்ட பரப்பு முழுவதையும் வளி பயன்படுத்துவதில்லை. தோட்டத்து வாய்க்கால் சடுதியாகத் திரும்பும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். நீர் வெளிக்கரையை உரசிக்கொண்டு விரைகிறது. உட்கரையோரத்தில் தேங்கிச் சுழல்கிறது. வாய்க்காலின் அகலம் குறையவில்லை. ஆனால் நீர் ஓடும் அகலம் குறைந்துவிடுகிறது. வளியும் கூர்மையான விளிம்பொன்றைச் சுற்றி வளைய நேரும்போது சுவரைவிட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்திற் சுழல்கள் தோன்றிப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. உண்மையிற் பாயும் அளவுக்கும் கணக்கின்படி பாயவேண்டிய அளவுக்கும் உள்ள விகிதமே பாய்ச்சற் குணகம். வடிவத்தின் தரத்தைக் காட்டும் எண் இதுவே.

எழுச்சி மிகச் சிறிதாக உள்ளபோது, வளி வால்வின் முகத்தையும் இருக்கையின் முகத்தையும் தழுவிச் செல்கிறது. குணகம் உயர்வாக இருக்கும். எழுச்சி கூடும்போது ஒரு முகத்திலிருந்து பிரிகிறது. மேலும் கூடும்போது இரு முகங்களிலிருந்தும் பிரிந்து, தனித்ததொரு தாரையாக உருளைக்குள் பாய்கிறது. வடிவமைப்பாளனின் வேலை இப்பிரிவை இயன்றவரை பிற்போடுவதாகும். அவன் கையாளக்கூடிய இடங்கள் சில உள.

முதலாவது, இருக்கையின் கோணம். பெரும்பாலான எஞ்சின்களில் இது 45 பாகை. சிலவற்றில் 30 பாகை. 3 மில்லிமீற்றர் எழுச்சியில் 45 பாகை இருக்கை தரும் செங்குத்து இடைவெளி ஏறத்தாழ 2.1 மில்லிமீற்றர், 30 பாகை இருக்கை தருவது 2.6 மில்லிமீற்றர். எனவே சிறு எழுச்சியில் 30 பாகைக்கே நன்மை. எழுச்சி கூடியதும் நிலைமை மாறுகிறது. செங்குத்தாக இறங்கிவரும் வளியை 45 பாகை முகம் குறைந்த திருப்பத்துடன் வழிநடத்துகிறது. அத்துடன் ஆப்புப்போல் இறுகி நன்றாக மூடவும் செய்கிறது. மிகவுயர்ந்த எழுச்சியுடைய சில பந்தய எஞ்சின்களில் 50, 55 பாகைகளும் உண்டு.

இரண்டாவது, இருக்கையின் அயற்பகுதி. 45 பாகை முகம் மட்டும் வெட்டப்பட்டால் அதன் இரு பக்கங்களிலும் கூர்விளிம்புகள் எஞ்சும். வழியின் பக்கம் 60 பாகையிலும் தகன அறையின் பக்கம் 30 பாகையிலும் மேலும் இரு வெட்டுகளைச் சேர்த்தால், வளி ஒவ்வொரு படியிலும் 15 பாகை மட்டுமே திரும்புகிறது. உள்ளெடுப்பு வால்வில் உண்மையில் மூடும் முகம் 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை அகலமான வளையமாக எஞ்சும். மூன்று கோண வெட்டு எனப்படும் இவ்வேலை, செலவு குறைந்ததாயினும் பயன் மிகுந்தது.

மூன்றாவது, வால்வின் முதுகு. தண்டிலிருந்து தகட்டுக்கு ஆழ்ந்த வளைவாக இறங்கும் வடிவம் துலிப் மலரின் பெயரால் வழங்கும்; மெல்லிய தண்டும் தட்டையான முதுகும் கொண்டது ஆணித்தலையை ஒத்தது. இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவைத் தனித்து எழுப்புவதிற் பொருளில்லை. வழி மேலிருந்து ஏறத்தாழ நேராக இறங்குமாயின் துலிப் வடிவம் வளியை விளிம்புவரை தாங்கிச் செல்லும். வழி பக்கவாட்டில் வந்து சடுதியாகத் திரும்புமாயின், துலிப்பின் பருத்த முதுகு அத்திருப்பத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே தட்டையான முதுகே ஏற்புடையது.

நான்காவது, வழியின் உள்வளைவு. இருக்கைக்குச் சற்று முன்னே வழியின் தளம் கீழ்நோக்கி மடியும் குறுகிய வளைவே வளி முதலிற் பிரியும் இடம். இங்கே ஆரை சிறிதாயின், மேலே வழியை எவ்வளவு அகட்டினாலும் பயன் சிறிதே.

ஐந்தாவது, சுவரின் அண்மை. வால்வின் விளிம்பு தகன அறைச் சுவரையோ உருளைச் சுவரையோ ஒட்டியிருந்தால், அப்பக்கத்துத் திரைப்பரப்பு பெயரளவிலேயே இருக்கும். வால்வைப் பெரிதாக்கும்போது விளிம்பு சுவரை மேலும் நெருங்குகிறது. பெரிய வால்வு சில தலைகளில் எதிர்பார்த்த பலனைத் தராமைக்கு இதுவே காரணம்.

வெளியேற்று வால்வின் நிலைமை வேறு. அது திறக்கும்போது உருளையினுள் பல வளிமண்டல அமுக்கம் நிலவுகிறது. வாயு ஒலியின் கதியில் வெளியே பாய்கிறது. எஞ்சியதை மேலெழும் முசலம் தள்ளிவிடுகிறது. எனவே வெளியேற்று வால்வு உள்ளெடுப்பு வால்வைவிடச் சிறிதாக அமையலாம். ஆயின் அதன் வடிவத்தை வெப்பமும் ஆள்கிறது. வெப்பம் இருக்கை வழியே தலைக்குக் கடத்தப்படவேண்டுமாகையால், அதன் மூடும் முகம் சற்று அகலமாக விடப்படுகிறது.

3. ஓர் எண்ணும் அதன் பொருளும்

மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பயெற் ரெயிலர் இப்பிரச்சினையை ஓர் எண்ணாகச் சுருக்கினார். உருளையின் பரப்பை வால்வின் பரப்பால் வகுத்து, முசலத்தின் சராசரிக் கதியாற் பெருக்கி, அதனைச் சராசரிப் பாய்ச்சற் குணகமும் ஒலியின் கதியும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் வருவது உள்ளெடுப்பு மாக் எண். இது ஏறத்தாழ 0.6ஐத் தாண்டியதும் உருளை நிரம்பும் அளவு, அதாவது கனவளவுத் திறன், விரைந்து வீழ்கிறது.

உருளையின் விட்டம் 80 மில்லிமீற்றர், அடிப்பின் நீளம் 80 மில்லிமீற்றர், உள்ளெடுப்பு வால்வின் விட்டம் 36 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் முசலத்தின் சராசரிக் கதி செக்கனுக்கு 16 மீற்றர். சராசரிக் குணகம் 0.35, ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர் எனின், மாக் எண் 0.66. எஞ்சின் எல்லையைத் தாண்டி மூச்சுத் திணறுகிறது. இப்போது வால்வின் விட்டத்தைச் சிறிதும் மாற்றாது, இருக்கையையும் உள்வளைவையும் சீர்செய்து குணகத்தை 0.40 ஆக்கினோமாயின் மாக் எண் 0.58 ஆகிறது. வேறொரு வகையாகக் கூறின், முன்னர் 5,400 சுழற்சியளவில் எதிர்ப்பட்ட எல்லை இப்போது 6,200க்குத் தள்ளிப்போடப்பட்டுள்ளது. ஒரு மில்லிமீற்றர்கூடப் பெரிதாக்காமல் வடிவம் மட்டுமே ஈட்டிய பயன் இது.

4. அளவிடும் மேசை

குணகத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதனை அளப்பதற்கு உருளைத்தலையைக் குழாயொன்றின் மேற் பொருத்தி, மாறாத அமுக்க வேறுபாட்டில் வளியை இழுத்து, ஒவ்வொரு எழுச்சியிலும் எவ்வளவு பாய்கிறது எனக் குறிக்கவேண்டும். இவ்வாறான பாய்ச்சல் மேசைகளில் இன்று பெரிதும் வழங்கும் அமுக்க வேறுபாடு 28 அங்குல நீர்நிரலாகும்.

இம்முறையை எஞ்சின் வடிவமைப்பில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஹரி வெஸ்லேக். 1897இற் பிறந்து 1978இல் மறைந்த அவர், பல்கலைக்கழகக் கல்வியின் வழியன்றி, அளந்து, அரவி, மீண்டும் அளந்து அறிந்தவர். 1935இல் எஸ்.எஸ். ஜாகுவார் காருக்காக, ஸ்ரான்டர்ட் நிறுவனத்தின் பக்கவால்வு எஞ்சினுக்கு அவர் மேல்வால்வுத் தலையொன்றை வகுத்தளித்தார். அதன் வலு 100 குதிரைவலுவைத் தாண்டியது. 1951இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-வரிசை எஞ்சினின் இதய வடிவான தகன அறையும் அவரது ஆக்கமே. மொறிஸ் மைனர் கார் வழியாக இலங்கைத் தெருக்களுக்கு நன்கு பழக்கமான எஞ்சின் இது. அதன் தலையைக் கழற்றிப் பார்ப்போர், இரு வால்வுகளுக்கிடையே சுவர் உட்புறமாக நீண்டு, இதயத்தின் நடுப்பிளவுபோல் அமைந்திருப்பதைக் காணலாம்.

மேசை சொல்லித்தந்த பாடங்கள் சில நம்பிக்கைகளைக் கலைத்தன. வழியைக் கண்ணாடிபோல் மினுக்குவதாற் கிடைக்கும் பயன் சொற்பம். இழப்பிற் பெரும்பகுதி சுவரின் உராய்வினால் அன்றி, வளைவிலே பாய்ச்சல் பிரிவதால் நேர்வது. காபரேற்றர் எஞ்சின்களில் சற்றுச் சொரசொரப்பான சுவரே சுவரிற் படியும் பெற்றோலை மீண்டும் வளியோடு கலக்க உதவுகிறது. மேலும், வழியின் தளத்தில் களிமண்ணை இட்டு நிரப்பி, பரப்பைக் குறைத்தபோது, பாய்ச்சல் கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. வளி பயன்படுத்தாத இடம், அடைபட்டாலும் அதற்கு நட்டமில்லை.

ஆயினும் மேசைக்கும் எல்லையுண்டு. அதில் வளி சீராகப் பாய்கிறது. எஞ்சினிலோ துடித்துத் துடித்துப் பாய்கிறது. மேசையில் வென்ற தலை தெருவில் வென்றே தீரும் என்பதற்கில்லை.

5. நான்கு வால்வுகளும் ஒரு கோணமும்

80 மில்லிமீற்றர் உருளையில், 36 மில்லிமீற்றர் வால்வு ஒன்றுக்குப் பதிலாக 30 மில்லிமீற்றர் வால்வுகள் இரண்டை வைப்போமாயின், 8 மில்லிமீற்றர் எழுச்சியில் திரைப்பரப்பு 905 சதுர மில்லிமீற்றரிலிருந்து 1,508 ஆக உயர்கிறது. ஒவ்வொரு வால்வின் திணிவும் பழையதின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. ஆதலால் அதனை இன்னும் விரைவாகத் திறந்து மூடலாம்.

இந்த உண்மை புதிதன்று. 1912இல் டியெப் நகரில் நடந்த பிரெஞ்சு கிறான்ட் பிறீ பந்தயத்தில் வென்ற பேஜோ கார், ஓர் உருளைக்கு நான்கு வால்வுகளும் தலையின் மேல் இரு காம் தண்டுகளும் கொண்டிருந்தது. ஆயினும் 1950களில் முன்னணியில் நின்ற கார் எஞ்சின்கள் பல, அரைக்கோளத் தகன அறையில் இரு பெரிய வால்வுகளையே கொண்டிருந்தன. 1948இன் ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினில் இரு வால்வுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 70 பாகை. கோணம் விரிந்தால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கும், வழியும் நேராகும். ஆனால் அறை ஆழமாகிவிடுகிறது. நெருக்கல் விகிதத்தை உயர்த்த முசலத்தின் தலையைக் குவித்து எழுப்பவேண்டும். அப்போது எரியும் இடம் தோடம்பழத் தோல்போன்று மெல்லியதாய், வளைந்ததாய் மாறும். சுடர் அதனூடு பரவுவது தாமதிக்கும்.

1961இல் ஹொண்டாவின் நான்கு வால்வு மோட்டார் சைக்கிள்கள் உலகப் பட்டங்களை வென்றபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. 1967இல் கொஸ்வேர்த் நிறுவனத்தின் கீத் டக்வேர்த் அதற்குத் தெளிவான விடை தந்தார். அவர் வகுத்த டீ.எவ்.வீ. எஞ்சின் 2,993 கன சென்ரிமீற்றர் கொண்டது. எட்டு உருளைகள், முப்பத்திரண்டு வால்வுகள். வால்வுகளுக்கு இடைப்பட்ட கோணம் 32 பாகை மட்டுமே. அறை ஆழமற்றதாகி, முசலத்தின் தலை ஏறத்தாழத் தட்டையாயிற்று. வழி மேலிருந்து சரிவாக இறங்கியதால் வளி உருளையினுள் பீப்பாய் உருள்வதுபோல் உருண்டது. அவ்வுருளல் தகனத்தை விரைவுபடுத்தியது. 1967 யூன் 4ஆந் திகதி சான்ட்வூர்ட்டில் நடந்த தன் முதற் பந்தயத்திலேயே, ஜிம் கிளார்க் செலுத்திய லோட்டஸ் 49 காரில் அது வென்றது. 1983 வரை அவ்வெஞ்சின் குடும்பம் 155 உலகப் பட்டப் பந்தயங்களில் வெற்றியீட்டியது.

6. அளவும் அசைவும்

டக்வேர்த்தின் வெற்றி இன்னொரு உண்மையை வெளிப்படுத்தியது. எவ்வளவு வளி நுழைகிறது என்பது ஒரு வினா; நுழைந்த வளி எவ்வாறு அசைகிறது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று முரண்படுவன. வளியை உருளச் செய்யும் வழி பாய்ச்சலிற் சிறிதை இழக்கிறது; பாய்ச்சலையே நாடி அகட்டப்பட்ட வழியில் குறைந்த சுழற்சியின்போது வளி சோம்பலாக நகர்ந்து, கலவை சீராகாது போகிறது.

1983இன் டொயோட்டா 4ஏ-ஜீ.ஈ. எஞ்சின் இம்முரண்பாட்டுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நான்கு வால்வுகளும், 50 பாகைக் கோணமும், அகன்ற வழிகளும் கொண்ட அது, குறைந்த சுழற்சியில் ஒவ்வோர் உருளைக்குமுரிய இரு குழாய்களில் ஒன்றைத் தட்டொன்றால் அடைத்தே ஓடியது. 1989இல் வந்த திருத்தத்தில் அத்தட்டு நீக்கப்பட்டு வழிகளே ஒடுக்கப்பட்டன. எஞ்சினின் உச்ச வலு குறையவில்லை, கூடியது. நெருக்கல் விகிதமும் அப்போது உயர்த்தப்பட்டமையால் முழுப் பெருமையும் வழிக்குரியதன்று. எனினும், ஒடுக்கிய வழி வலுவைக் கெடுக்கவில்லை என்பது தெளிவு. அதே குடும்பத்தின் 4ஏ-எவ்.ஈ. எஞ்சினில், சாதாரணக் குடும்பக் காரின் சிக்கனத்தை நோக்கி, கோணம் 22.3 பாகையாகச் சுருங்கியது.

இவ்வரலாற்றைக் கொண்டு, கோணம் சுருங்கச் சுருங்க எஞ்சின் சிறக்கும் என்று விதி வகுக்க முற்பட்டால் அதுவும் தவறாகும். 2017இல் டொயோட்டா தனது புதிய 2.5 லீற்றர் எஞ்சினில் கோணத்தை 31 பாகையிலிருந்து 41 பாகையாக விரித்தது. தனி வளையமாக அழுத்திப் பொருத்தப்பட்டு வந்த இருக்கைக்குப் பதிலாக, லேசர் கதிரால் உலோகப் படையொன்று தலையின் மீதே உருக்கி ஒட்டப்பட்டது. வளையத்தின் தடிப்பு நீங்கியதால் வழியை இருக்கைவரை நேராகக் கொண்டுவர முடிந்தது. பாய்ச்சலும் உருளலும் ஒருங்கே கூடின. வெப்பத்திறன் 40 சதவீதத்தை எட்டியது. முரண்பாடு பழைய எல்லைக்குள் தீரவில்லை. இருக்கையை ஆக்கும் முறை மாறியபோது எல்லையே நகர்ந்தது.

7. முடிவாக

பந்தயக் களத்தில் ஒரு சிலரின் வேகத்துக்காகத் தேடப்பட்ட வடிவங்கள், இன்று எரிபொருட் சிக்கனத்துக்கும் தூய தகனத்துக்கும் பயன்படுகின்றன. எரிபொருள் முழுவதையும் இறக்குமதி செய்யும், 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டினருக்கு இது தூரத்து விடயமன்று. நமது வேலைத்தலங்களில் நாளாந்தம் பழைய தலைகள் சீர்செய்யப்படுகின்றன. இருக்கை திரும்பத் திரும்ப அரைக்கப்படும்போது வால்வு தலைக்குள் அமிழ்கிறது. சுற்றிலும் ஒரு சிறு சுவர் எழுந்து, சிறு எழுச்சியிற் பாயவேண்டிய வளியைத் தடுக்கிறது. வால்வு கசியாது மூடுகிறது என்பதால் வேலை முடிந்துவிட்டதென்றே எண்ணப்படுகிறது. அமிழ்ந்த இருக்கையின் மேல் விளிம்பை 30 பாகையில் வெட்டி விடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதன் தேவையை உணர்வதற்கு, அங்கே வளி எவ்வாறு வளைகிறது என்ற அறிவு வேண்டும்.

வெஸ்லேக்கின் கையில் அரவியும் இருந்தது, அளவுகோலும் இருந்தது. நம்மிடையே அரவி வேலைத்தலத்திலும் அளவுகோல் விரிவுரை மண்டபத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பாய்ச்சல் மேசையொன்றை அமைப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வளியை இழுக்கும் விசிறியும், அளந்து துளையிட்ட தகடும், நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயுமே அதன் அடிப்படை. பொறியியல் மாணவனும் 'ஹெட்' வேலையிற் கைதேர்ந்த தொழிலாளியும் அம்மேசையின் இரு பக்கங்களிலும் நின்று ஒரே தலையை ஆராய்வார்களாயின், இருவரும் தனித்தனியே அறியாததொன்றை இருவரும் சேர்ந்து அறிவர்.